நிறுத்தச் சொன்ன பிறகும் ஓடும் பணம்: ஏஐ ஏஜென்ட் வழியாக ஸ்ட்ரீம்களை இடைநிறுத்தும்போது வரும் கோளாறுகள், அறிகுறிவாரியாக

சம்பளத்தை மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு நொடிக்கும் உரிய பங்கைப் பெறுநரின் பெயரில் சேர்த்துக்கொண்டே போகும் முறையை ஸ்ட்ரீமிங் பேமென்ட் என்கிறோம். எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் இதற்கான முன்மொழிவு 2018 நவம்பரில் இஐபி 1620 என்ற எண்ணில் எழுதப்பட்டது. அதை எழுதியவரே தொடங்கிய சாப்ளியர், பிறகு வந்த சூப்பர்ஃப்ளூயிட், லாமாபே முதலியவை இன்று இந்த வேலையைச் செய்கின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐ மாதிரிகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்னும் நெறிமுறை பரவிய பிறகு, இத்தகைய ஸ்ட்ரீம்களைத் தொடங்குவது, நிறுத்துவது, பணம் நிரப்புவது ஆகியவற்றை ஏஐ ஏஜென்ட்டுகளிடம் (சொன்ன வேலையைக் கருவிகள் வழியாகத் தானே செய்யும் மென்பொருள்) கருவிகளாகக் கொடுத்துவிடுவது எளிதாகிவிட்டது. எளிதானதாலேயே, நிறுத்தச் சொன்ன பணம் நிற்காமல் ஓடுகிற சம்பவங்களும் கூடியிருக்கின்றன.

இங்கே பெரும்பாலும் சாப்ளியர் ஃப்ளோவை முன்வைத்தே எழுதுகிறேன். உண்மையான இடைநிறுத்தம் என்ற செயல் அதன் ஒப்பந்தத்திலேயே (பிளாக்செயினில் இயங்கும் நிரலிலேயே) இருக்கிறது என்பதும், நான் நாள்தோறும் கையாள்வது அதுதான் என்பதும் காரணங்கள். மற்றவை வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஏஜென்ட்டிடம் மறுபடியும் கேட்காதீர்கள். அது முன்பு சொன்னதையே வேறு சொற்களில் சொல்லும் வாய்ப்பு அதிகம். உரையாடலுக்கு வெளியே வந்து, பிளாக் எக்ஸ்ப்ளோரரிலோ (செயின் பதிவுகளைக் காட்டும் இணையதளம்) உங்கள் சொந்த ஆர்பிசி இணைப்பிலோ (செயினை நிரல் வழியாக நேரடியாகப் படிக்கும் வழி) அந்த ஸ்ட்ரீமின் நான்கு விவரங்களை நேரடியாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: நொடிக்கான வேகம், ஸ்ட்ரீமில் மீதமுள்ள இருப்பு, பெறுநருக்குச் சேர வேண்டிய மொத்தக் கடன், அனுப்புநராகப் பதிவாகியுள்ள முகவரி. ஃப்ளோவில் இடைநிறுத்தம் என்பது நொடிக்கான வேகத்தைப் பூஜ்யமாக்குவதே. அதற்கு மேல் மாயம் எதுவும் இல்லை. ஆகவே வேகம் பூஜ்யமாக இருந்தால் ஸ்ட்ரீம் நின்றுவிட்டது, இல்லையென்றால் ஓடுகிறது. திரையில் வரும் பச்சை நிறக் குறியோ ஏஜென்ட்டின் வாக்கியமோ இந்த எண்ணுக்கு ஈடாகாது.

அறிகுறி: "நிறுத்திவிட்டேன்" என்கிறது ஏஜென்ட், பெறுநரின் தொகை ஏறிக்கொண்டே இருக்கிறது

இதுவே அதிகம் வரும் புகார், இதுவே அதிக இழப்பையும் தருகிறது. காரணங்கள் பலவாக இருக்கலாம் என்பதால் வரிசையாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

முதலில், கருவி உண்மையிலேயே அழைக்கப்பட்டதா என்று பாருங்கள். உரையாடலின் பதிவில் கருவியின் பெயரும், அதற்குக் கொடுக்கப்பட்ட உள்ளீடும், அது திருப்பித் தந்த விடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். அவை இல்லாமல் "நிறுத்தப்பட்டது" என்ற வாக்கியம் மட்டும் இருந்தால், ஏஜென்ட்டின் பின்னாலுள்ள ஏஐ மாதிரி தானாகவே அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறது. செயினில் எதுவும் நடக்கவில்லை. நீண்ட உரையாடல்களில், அதிலும் இதே போன்ற வேலை ஏற்கெனவே நான்கைந்து முறை வெற்றிகரமாக முடிந்திருக்கும் உரையாடல்களில், இது நடக்கக் கண்டிருக்கிறேன்.

கருவி அழைக்கப்பட்டிருந்தால், அது என்ன விடை தந்தது என்பதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பல கருவிகள் பரிவர்த்தனையை அனுப்பியவுடன் அதன் ஹேஷை (அடையாளக் குறியீட்டை) மட்டும் தந்துவிட்டு முடித்துக்கொள்கின்றன. ஹேஷ் கிடைத்துவிட்டது என்றால் தபால் பெட்டியில் கடிதம் போடப்பட்டது என்று பொருள். போய்ச் சேர்ந்தது என்று பொருளல்ல. பரிவர்த்தனை ஒரு பிளாக்கில் ஏற வேண்டும், அதன் ரசீதில் நிலை 1 என்று இருக்க வேண்டும். நிலை 0 என்றால் பரிவர்த்தனை பிளாக்கில் ஏறியும் ஒப்பந்தம் அதை மறுத்துவிட்டது. பரிவர்த்தனையை நடத்தத் தரும் கேஸ் கட்டணம் மட்டும் போயிற்று, ஸ்ட்ரீம் பழையபடியே ஓடுகிறது. எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு முறை பிளாக்குக்கான வாய்ப்பு வருகிறது. ஆகவே ரசீதுக்காகக் கருவி அரை நிமிடம் காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. காத்திருக்காத கருவியைத்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது, நாங்களே பட்டு அறிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, வேலை ஒப்பந்தம் முடிந்த 12 பேருக்கான ஸ்ட்ரீம்களை நிறுத்தும்படி எங்கள் ஏஜென்ட்டிடம் சொன்னோம். "12 ஸ்ட்ரீம்களும் இடைநிறுத்தப்பட்டன" என்று அது அழகாகப் பட்டியலிட்டுக் கொடுத்தது. நாங்களும் வீட்டுக்குப் போய்விட்டோம். திங்கள் காலை 9 மணிக்குப் பார்த்தபோது ஒன்றுதான் நின்றிருந்தது, மற்ற 11-ம் ஓடிக்கொண்டிருந்தன. பதிவைத் திறந்து பார்த்தால், இரண்டாவது அழைப்பிலிருந்து கடைசி அழைப்பு வரை கருவி தந்த விடை இப்படி இருந்தது: "இடைநிறுத்தம் அனுப்பப்பட்டது. விவரம்: மாற்றுப் பரிவர்த்தனைக்கான கட்டணம் போதவில்லை." முதல் வாக்கியம் எங்கள் கருவியில் நாங்களே எழுதி வைத்த வார்ப்பு, இரண்டாவது, நோடு (பிளாக்செயினை நடத்தும் கணினி) சொன்ன பிழை. 12 அழைப்புகளையும் ஏஜென்ட் ஒரே நேரத்தில் விட்டது. ஒவ்வொரு அழைப்பும் வாலட்டின் அடுத்த பரிவர்த்தனைக்கான வரிசை எண்ணை, அதாவது நான்ஸை, தனித்தனியாகக் கேட்டு ஒரே நான்ஸைப் பெற்றது. முதலாவது ஏற்கப்பட்டது, மற்றவை அதே நான்ஸில் அதே கட்டணத்தோடு வந்ததால் திருப்பி அனுப்பப்பட்டன. பிழை வந்தும் கருவி அதைப் பிழையாகக் குறிக்கவில்லை, சாதாரண உரையாகத் திருப்பித் தந்தது. ஏஜென்ட் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஒவ்வொன்றும் 30 நாளைக்கு 1,000 யூஎஸ்டிசி (டாலர் மதிப்போடு இணைந்த டோக்கன்) என்ற வேகத்தில் ஓடியவை. இடைப்பட்ட 63 மணி நேரத்தில் ஒரு ஸ்ட்ரீமுக்கு 87.50, ஆக 11-க்கும் சேர்த்து 962.50 யூஎஸ்டிசி கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. ஒப்பந்தத்தின் கணக்கில் அது பெறுநர்களின் பணம். அனுப்புநர் தனித்து அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. வேலையை முடித்துக்கொடுத்துப் போனவர்களிடம் எங்கள் தவறுக்காகப் போய்ப் பணம் கேட்பது எவ்வளவு சங்கடமானது என்பதை அந்த வாரம் உணர்ந்தேன். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கும் அதுவே காரணம்.

தீர்வு மூன்று இடங்களில் இருக்கிறது. ஒரே வாலட்டிலிருந்து போகும் பரிவர்த்தனைகளைக் கருவியின் உள்ளே வரிசையில் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக நான்ஸ் கொடுங்கள். அல்லது ஒப்பந்தம் அனுமதிக்கும் பட்சத்தில் பல இடைநிறுத்தங்களை ஒரே பரிவர்த்தனையில் கட்டி அனுப்புங்கள். எம்சிபியில் கருவியின் விடையோடு பிழைக்கொடி ஒன்றை ஏற்றி அனுப்ப இடமிருக்கிறது. தோல்வி வந்தால் தயங்காமல் அதை உண்மை என்று வையுங்கள், தோல்வி விடையில் "அனுப்பப்பட்டது", "முடிந்தது" போன்ற சொற்கள் தப்பித்தவறியும் வரவிடாதீர்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, இடைநிறுத்தும் கருவி ரசீது வந்த பின் ஸ்ட்ரீமின் வேகத்தைத் தானே மறுபடி படித்து, அந்த எண்ணையும் பிளாக் எண்ணையும் விடையில் சேர்த்துத் தர வேண்டும். ஏஜென்ட்டுக்கு "வேகம்: 0" என்று கண்முன்னே இருந்தால் அது தவறாகச் சொல்வதற்கு இடம் குறைவு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறுவதாகத் தெரிந்தால், செயினைச் சோதியுங்கள். எத்தீரியத்தின் செயின் எண் 1, ஆப்டிமிசம் 10, பேஸ் 8453, ஆர்பிட்ரம் ஒன் 42161, சோதனைக்கான செப்போலியா 11155111. ஸ்ட்ரீம் எண் 214 என்பது இவற்றுள் ஒவ்வொன்றிலும் தனித்தனி ஸ்ட்ரீமாக இருக்கலாம். கருவியின் முன்னிருப்பு அமைப்பு வேறு செயினைக் காட்டிக்கொண்டிருந்தால், பேஸில் ஓடும் ஸ்ட்ரீமை நிறுத்தச் சொன்னபோது செப்போலியாவில் இருக்கும் சோதனை ஸ்ட்ரீம் வெற்றிகரமாக நின்றிருக்கும். ரசீதும் ஒழுங்காகவே இருக்கும். செயின் எண்ணைக் கட்டாய உள்ளீடாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். முன்னிருப்பு மதிப்பு வசதியானது என்பது உண்மையே. பணம் நகரும் இடத்தில் அந்த வசதி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக ஒரு பொய் எச்சரிக்கையும் உண்டு. பெறுநர் பார்க்கும் பக்கம், ஓடும் எண்ணை நொடிக்கொரு முறை செயினிலிருந்து படிப்பதில்லை. கடைசியாகப் படித்த வேகத்தை வைத்து உலாவியிலேயே கூட்டிக் காட்டுகிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் எண் நின்றுவிடும். புதுப்பித்த பின்னும் சிறிது நேரம் பழைய நிலையே வந்தால், பின்தங்கிய நோடு ஒன்றிலிருந்து படிக்கிறீர்கள்; இடைநிறுத்தம் ஏறிய பிளாக் எண்ணைக் குறிப்பிட்டே படியுங்கள்.

அறிகுறி: நின்றுவிட்டது, ஆனால் பெறுநர் இன்னும் பணம் எடுக்கிறார்

இது கோளாறு இல்லை. அப்படியும் இதைக் கோளாறென்று எண்ணி, ஏஜென்ட்டிடம் "எப்படியாவது நிறுத்து" என்று சொல்லி, ஸ்ட்ரீமை மீட்க முடியாத நிலைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. ஆகவே கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு ஸ்ட்ரீமில் 1,500 யூஎஸ்டிசி போட்டு, 30 நாளைக்கு 1,000 என்ற வேகத்தில் ஓடவிட்டு, 18-ம் நாள் முடிவில் நிறுத்துகிறீர்கள். அதுவரை சேர்ந்தது 600. அதில் பெறுநர் முன்பே 250 எடுத்திருந்தால், ஸ்ட்ரீமில் இருப்பு 1,250. அதில் 350 பெறுநருடையது, அவர் இன்றைக்கும் எடுக்கலாம், ஆறு மாதம் கழித்தும் எடுக்கலாம். எஞ்சிய 900 உங்களுடையது, நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இடைநிறுத்தம் புதிய கடன் சேர்வதைத் தடுக்கிறது. உழைத்த நாட்களுக்கான கடனைத் தொடுவதில்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இதையே 1,500-க்குப் பதில் 500 மட்டும் போட்டு ஓடவிட்டிருந்தால், 15-ம் நாள் முடிவிலேயே இருப்பும் கடனும் சமமாகிவிடும். ஃப்ளோவில் அதோடு ஸ்ட்ரீம் நிற்காது. கடன் தொடர்ந்து ஏறும். 18-ம் நாள் நிறுத்தும்போது மொத்தக் கடன் 600, அதில் இருப்பால் ஈடுகட்டப்பட்டது 500, ஈடுகட்டப்படாதது 100. இடைநிறுத்திய பின்னும் அந்த 100 கணக்கில் நிற்கும். பிறகு யாராவது பணம் நிரப்பினால் முதலில் அதற்கே போகும். "நின்றுபோன ஸ்ட்ரீமில் நிரப்பிய பணம் எங்கே?" என்று கேட்பவர்கள் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: அனுமதி இல்லை என்ற பிழை

ஃப்ளோவில் ஸ்ட்ரீமை இடைநிறுத்த அனுப்புநருக்கு மட்டுமே உரிமை உண்டு. பெறுநர் நிறுத்த முடியாது. ஸ்ட்ரீமைக் குறிக்கும் என்எஃப்டியை (உரிமையைக் காட்டும் டோக்கனை) கையில் வைத்திருப்பதும் இதற்கு உதவாது. ஆகவே இந்தப் பிழை வந்தால், ஏஜென்ட்டின் கருவி எந்தத் தனிச்சாவியால் கையெழுத்திடுகிறது, அதன் முகவரி என்ன, ஸ்ட்ரீமில் அனுப்புநராகப் பதிவாகியுள்ள முகவரி என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் ஒத்துப்போனால் போதும் என்று விடாதீர்கள், முழுவதையும் ஒப்பிடுங்கள்.

பெரும்பாலான நிறுவனங்களில் ஸ்ட்ரீமைத் தொடங்கியது பலர் கையெழுத்திடும் சேஃப் வாலட்டாக இருக்கும். அப்போது அனுப்புநர் அந்தச் சேஃபே ஒழிய, அதன் உரிமையாளர்களில் ஒருவர் அல்லர். ஏஜென்ட்டின் சாவி அந்த உரிமையாளர்களில் ஒருவருடையதாகவே இருந்தாலும் நேரடியாக அழைத்தால் மறுக்கப்படும். இங்கே சரியான வழி, ஏஜென்ட் பரிவர்த்தனையை முன்மொழிய மட்டும் செய்வதும், மனிதர்கள் கையெழுத்திட்டு நிறைவேற்றுவதும் ஆகும். இதில் தாமதம் இருக்கிறது. 30 நாளைக்கு 1,000 என்ற வேகத்தில் 20 நிமிடத் தாமதத்துக்கு ஆகும் செலவு 0.46 யூஎஸ்டிசி. ஒரு ஏஜென்ட்டின் கையில் கருவூலத்தின் முழுச் சாவியைக் கொடுப்பதால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

சூப்பர்ஃப்ளூயிட்டில் அனுப்புநர் வேறொரு முகவரிக்கு அதிகாரம் பிரித்துக் கொடுக்கலாம்: தொடங்க 1, வேகத்தை மாற்ற 2, நீக்க 4, மூன்றும் சேர்ந்தால் 7. ஏஜென்ட்டுக்கு நிறுத்தும் வேலை மட்டும்தான் என்றால் 4 மட்டும் கொடுங்கள். 1-ம் 2-ம் மட்டும் கொடுத்துவிட்டு ஏஜென்ட் நீக்க மறுக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு விடை இந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

அறிகுறி: பரிவர்த்தனை நிலுவையிலேயே நிற்கிறது

வாலட்டில் கேஸுக்கான இருப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்ட்ரீமில் ஆயிரக்கணக்கில் யூஎஸ்டிசி இருந்தாலும், கையெழுத்திடும் முகவரியில் ஈதர் இல்லையென்றால் பரிவர்த்தனை நகராது. இருப்பு இருந்தும் நின்றால், அதற்கு முந்தைய நான்ஸ் கொண்ட ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது அனுப்பிய பிறகு கட்டணம் ஏறியிருக்கும். அதே நான்ஸில், கட்டணத்தைக் கூட்டி மறுபடி அனுப்ப வேண்டும். கெத் என்ற மென்பொருளில் இயங்கும் நோடுகள் பழையதைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாக இருந்தால்தான் மாற்றை ஏற்கும். இதை ஏஜென்ட்டின் யூகத்துக்கு விடாமல் கருவியின் நிரலிலேயே எழுதிவிடுங்கள். ஏஜென்ட்டிடம் விட்டால் அது புதிய நான்ஸில் இரண்டாவது இடைநிறுத்தத்தை அனுப்பும்; அது முதலாவதற்குப் பின்னால் போய் வரிசையில் நிற்கும்.

அறிகுறி: ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டது என்ற பிழை

நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளலாம். நின்ற ஸ்ட்ரீமை மறுபடி நிறுத்த முயன்றால் ஃப்ளோ மறுத்துவிடும். முதல் அழைப்பு வெற்றி பெற்றும், விடை வருவதற்குள் காலக்கெடு முடிந்ததால் ஏஜென்ட் இரண்டாவது முறை அழைத்திருக்கும். கருவி அனுப்பும் முன் வேகத்தைப் படித்து, அது பூஜ்யமாக இருந்தால் பரிவர்த்தனை எதையும் அனுப்பாமல் "முன்பே நின்றிருக்கிறது" என்ற விடையை வெற்றியாகவே தர வேண்டும். அப்படிச் செய்தால், எத்தனை முறை அழைத்தாலும் விளைவு ஒன்றே.

அறிகுறி: அப்படியொரு ஸ்ட்ரீமே இல்லை என்கிறது

பெரும்பாலும் ஐடி தவறு, செயின் தவறு, ஒப்பந்தத்தின் பதிப்பு தவறு ஆகிய மூன்றில் ஒன்று. புதிய பதிப்பு புதிய முகவரியில் வரும்போது பழைய ஸ்ட்ரீம்கள் பழைய முகவரியிலேயே இருக்கும் என்பதால், கருவியைப் புதுப்பித்த மறுநாள் இந்தப் பிழை வந்தால் பதிப்பையே முதலில் சந்தேகியுங்கள்.

நான்காவதாக ஒரு காரணம் கண்ணுக்கு எளிதில் படாது. ஜாவாஸ்கிரிப்டின் எண் வகை 9007199254740991 வரையிலான முழு எண்களையே பிழையின்றித் தாங்கும். ஜேசான் என்ற தரவு வடிவில் எண்ணாக அனுப்பப்படும் பெரிய மதிப்பு அதற்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் சத்தமின்றி மாறிவிடும். 18 தசம இடங்கள் கொண்ட டாய் என்ற டோக்கனில் 1,000 என்பது 1-க்குப் பின் 21 பூஜ்யங்கள். எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. ஐடி, தொகை, வேகம் ஆகிய எதையும் கருவியின் உள்ளீட்டு வரையறையில் எண் என்று குறிக்காதீர்கள். எழுத்துச் சரம் என்று குறியுங்கள்.

லாமாபேயின் முதல் பதிப்பைப் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் முக்கியம். அங்கே ஸ்ட்ரீமுக்கு வரிசை எண் கிடையாது. அனுப்புநர், பெறுநர், நொடிக்கான வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அது அடையாளம் காணப்படுகிறது. நிறுத்தும்போதும் அதே வேகத்தை 20 தசம இடங்களில் துல்லியமாகக் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் "மாதம் 1,000" என்பதிலிருந்து வேகத்தைத் தானே கணக்கிட்டு, மாதத்தை 30 நாளுக்குப் பதில் 31 நாளாக எடுத்துக்கொண்டால், வேறொரு ஸ்ட்ரீமைத் தேடிப்போய் இல்லை என்று திரும்பும்.

அறிகுறி: நிறுத்தச் சொன்னோம், ஸ்ட்ரீம் ஒரேயடியாக முடிந்துவிட்டது

இடைநிறுத்தம் என்ற சொல் எல்லா ஒப்பந்தத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. சாப்ளியரின் இன்னொரு ஒப்பந்தமான லாக்அப்பில் இடைநிறுத்தமே கிடையாது. ரத்து மட்டும் உண்டு, அதுவும் அனுப்புநர் ரத்துரிமையைக் கைவிடாதிருந்தால் மட்டும். சூப்பர்ஃப்ளூயிட்டிலும் நிறுத்துவது என்றால் ஸ்ட்ரீமை நீக்குவதே. மறுபடி தொடங்குவது புதிய ஸ்ட்ரீம், அதற்குப் புதிதாக முன்வைப்புத் தொகையும் ஒதுக்கப்பட வேண்டும். ஃப்ளோவிலேயே இடைநிறுத்தத்துக்குப் பக்கத்தில் வாய்ட் என்ற செயல் இருக்கிறது. அது ஸ்ட்ரீமை நிரந்தரமாக முடித்துவைக்கும், ஈடுகட்டப்படாத கடனையும் அழித்துவிடும். முன்பு சொன்ன கணக்கில் அந்த 100 யூஎஸ்டிசி பெறுநருக்கு இல்லாமலேயே போய்விடும். ஒருவர் மூன்று நாள் உழைத்த கூலி அது.

"இந்த ஸ்ட்ரீமை நிறுத்து" என்ற சொல்லை ஏஜென்ட் இடைநிறுத்தமாகவும் கொள்ளலாம், ரத்தாகவும் கொள்ளலாம், வாய்டாகவும் கொள்ளலாம்; இடைநிறுத்தம் தோல்வியுற்றபோது, சொன்ன வேலையை முடிக்கும் முனைப்பில் அடுத்த கருவியை எடுத்து முயன்று பார்ப்பதும் நடக்கிறது. எனவே திரும்பப் பெற முடியாத செயல்களை ஏஜென்ட்டின் கருவிப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. எடுக்க முடியாத சூழலில், மனிதர் ஒப்புதல் தந்தால்தான் ஓடும்படி வையுங்கள். எம்சிபியில் ஒரு கருவி அழிவுத்தன்மை உடையது என்று குறிப்பதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அது குறிப்பு மட்டுமே, பூட்டு அல்ல. கருவியின் விளக்கத்திலும் மழுப்பல் வேண்டாம். "ஸ்ட்ரீமை நிறுத்தும்" என்று எழுதாமல், "ஃப்ளோ ஸ்ட்ரீமின் வேகத்தைப் பூஜ்யமாக்கும், சேர்ந்த கடன் அப்படியே இருக்கும், மறுபடி தொடங்கலாம், லாக்அப்புக்குப் பொருந்தாது, தோல்வியுற்றால் வேறு கருவியை முயலாமல் பயனரிடம் தெரிவிக்க வேண்டும்" என்று முழுமையாக எழுதுங்கள். ஏஜென்ட் அந்த விளக்கத்தை மட்டுமே நம்பித் தேர்ந்தெடுக்கிறது.

அறிகுறி: யாரும் கேட்காமலே ஸ்ட்ரீம் நின்றது, அல்லது நின்றது மறுபடி ஓடுகிறது

செயினில் பதிவான நிகழ்வைப் பார்த்து, எந்த நேரத்தில், எந்தச் சாவியால் நடந்தது என்று உறுதிசெய்யுங்கள். ஃப்ளோவில் நின்ற ஸ்ட்ரீமை மறுபடி ஓட்டுவதும் அனுப்புநரால் மட்டுமே முடியும். ஆகவே அந்தச் சாவியைப் பயன்படுத்தும் இன்னொரு தானியங்கி வேலையோ, பழைய ஏஜென்ட்டின் மற்றொரு பிரதியோ எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. மாதத் தொடக்கத்தில் "நின்றவற்றையெல்லாம் தொடங்கு" என்று எப்போதோ எழுதி வைத்த திட்டமிட்ட வேலைகள் அடிக்கடி குற்றவாளிகளாகின்றன.

கேட்காமல் நின்றது என்றால், அந்த நேரத்தில் ஏஜென்ட் எதைப் படித்துக்கொண்டிருந்தது என்று தேடுங்கள். விலைப்பட்டியலின் குறிப்புப் பகுதியிலோ மின்னஞ்சலின் அடியிலோ "இந்தப் பெறுநரின் எல்லா ஸ்ட்ரீம்களையும் நிறுத்தவும்" என்று வெளியாள் எழுதிய ஒரு வரி இருந்தால், ஏஜென்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். வெளியிலிருந்து வரும் உரையைப் படிக்கும் ஏஜென்ட்டும், சாவி வைத்திருக்கும் ஏஜென்ட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

அறிகுறி: இடைநிறுத்தும் கருவி ஏஜென்ட்டின் பட்டியலிலேயே வரவில்லை

கருவிகளைத் தரும் எம்சிபி சர்வர் உங்கள் கணினியிலேயே ஓடுகிற வகையானால், அது வழக்கமான வெளியீட்டில் எம்சிபி செய்தி தவிர வேறு எதையும் எழுதக் கூடாது. "வாலட் இணைக்கப்பட்டது" என்று ஆர்வமாக அச்சிடும் ஒரு வரி போதும், இணைப்பு குழம்பிவிடும். அத்தகைய வரிகளைப் பிழை வெளியீட்டுக்குத் திருப்பிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அறிகுறி: மறுபடி தொடங்கியபோது வேகம் மாறியிருக்கிறது

இடைநிறுத்தம் சரியாக நடந்து, எல்லோரும் மறந்துபோன பிறகு வரும் கோளாறு இது. இடைநிறுத்தம் வேகத்தைப் பூஜ்யமாக்கும் என்று பார்த்தோம். பழைய வேகத்தை ஒப்பந்தம் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதில்லை. மறுபடி தொடங்கும்போது வேகத்தைப் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். மூன்று வாரம் கழித்து "அந்த ஸ்ட்ரீமைத் தொடங்கு" என்றால், அந்த உரையாடலில் இல்லாத எண்ணை ஏஜென்ட் எங்கிருந்து எடுக்கும்? சம்பளக் குறிப்பிலுள்ள மாதத் தொகையை எடுத்து, தனக்குத் தோன்றிய நாட்களால் வகுக்கும். மாதம் 1,000 யூஎஸ்டிசியை 30 நாளால் வகுத்தால் நொடிக்கு 385802469135802, அதாவது 18 தசம இடங்களில் 0.000385802469135802. 31 நாளால் வகுத்தால் பெறுநருக்கு ஒவ்வொரு 30 நாளுக்கும் ஏறத்தாழ 32 யூஎஸ்டிசி குறையும். அவர் கவனித்துச் சொல்லும் வரை யாருக்கும் தெரியாது.

பழைய வேகம் செயினில் தொலைந்துவிடவில்லை. ஸ்ட்ரீம் தொடங்கப்பட்ட நிகழ்விலும், இடையில் வேகம் மாற்றப்பட்டிருந்தால் அந்த நிகழ்விலும் அது பதிவாகியிருக்கிறது. அவற்றுள் கடைசியாக வந்ததை எடுங்கள். இடையில் ஒருமுறை நிறுத்தித் தொடங்கியிருந்தால், அந்தத் தொடக்கத்தின் நிகழ்வையும் சேர்த்துப் பாருங்கள். எடுத்த எண்ணை இலக்கம் மாறாமல் எழுத்துச் சரமாகக் கருவிக்குக் கொடுங்கள். ஏஜென்ட்டைக் கணக்குப் போட விடாதீர்கள். இனிவரும் இடைநிறுத்தங்களுக்கு, நிறுத்தும் முன் இருந்த வேகத்தையும் கருவியின் விடையிலேயே சேர்த்துத் தரும்படி செய்துவிட்டால், மறுபடி தொடங்கும் நாளில் பழைய பதிவைப் புரட்டி அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம்.